வாசலில் ஊதுகிற மனிதர்

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு வேடிக்கை நடக்கும். ஒரு மனிதர் மூச்சு வாங்கப் படியேறி வந்து இடது பக்கக் கதவின் மணியை அழுத்துவார். கதவு ஒரு சாண் அகலம் திறக்கும். அந்த இடைவெளியில் முதலில் ஒரு மூக்கு வரும். அவர் குனிந்து, மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி, அந்த மூக்கின் மேல் 'ஹூ' என்று ஊதுவார்.

"இஞ்சி டீ," என்று உள்ளேயிருந்து தீர்ப்பு வரும். "கூட ஒரு பன்னு."

"பன்னு இல்லம்மா, ரஸ்க்கு."

"ரஸ்க்கு யாரு? காஞ்சு போன பன்னுதானே. உள்ள வாங்க."

அதற்கப்புறம்தான் கதவு முழுசாகத் திறக்கும்.

எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு, பாவம் புருஷனுக்குப் பல்லில் ஏதோ கோளாறு போல என்று நினைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு விஷயம் தெரியும். அந்த மனிதர் குடியை விட்டு நாலு மாதம் ஆகியிருந்தது.

அவர் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். பட்டறையில் எல்லோரும் 'பளபள' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கை பட்ட அலமாரிக் கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு கை. அவர் மனைவிக்கு ஒரு பெரிய பேக்கரியில் வேலை. மாவு பிசைகிற வேலை இல்லை, மூக்கு வேலை. எண்ணெய் டின் வந்து இறங்கினால் அவளைக் கூப்பிடுவார்கள். மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே "சிக்கு வாடை, திருப்பி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அடுப்பில் பிஸ்கட் இன்னும் ஒரு நிமிஷத்தில் தீயப்போகிறது என்பது அவளுக்கு அடுத்த அறையில் நிற்கும்போதே தெரியும். அப்படிப்பட்ட மூக்கை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் பத்து வருஷம் குடித்தார் என்றால், அவருடைய தைரியத்தைத்தான் பாராட்ட வேண்டும் என்பான் அவள் தம்பி. அவனுக்குப் பஸ் ஓட்டுகிற வேலை. அதே கட்டடத்தில் ஒரு மாடி கீழே தனியாக இருந்தான். சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில்.

பளபள கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போனால் எனக்கு மனசு ஆறாது. குடித்தால் யாரையும் அடிக்கமாட்டார். அழுவார். செத்துப்போன அப்பாவிடம் மன்னிப்புக் கேட்பார். காலையில் எழுந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் பாலிஷில் கோடு விழும். கோடு விழாமல் இருக்க, போவதற்கு முன்னால் கொஞ்சம் குடிப்பார். சந்தோஷத்துக்காகக் குடித்த காலமெல்லாம் போய், நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிற காலம் வந்திருந்தது. அந்த நிலைமைக்கு வந்த மனிதரைப் பார்த்து "மனசு வெச்சா விடலாமே" என்று சொல்வது, காய்ச்சல்காரரைப் பார்த்து "மனசு வெச்சா சுடாம இருக்கலாமே" என்று சொல்வது போலத்தான்.

அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே, தன் முதல் சம்பளத்தில், கண்ணாடி வைத்த ஒரு சின்ன மேசை வாங்கியிருந்தாள். ஒருநாள் அவர் தள்ளாடி வந்து அதன் மேல் விழுந்தார். மேசையின் ஒரு கால் முறிந்தது, கண்ணாடி நூறு துண்டானது. அவள் திட்டவில்லை. உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினாள். மறுநாளிலிருந்து ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டாள். வெளியே வெளிச்சம் இருந்தால் அதில் முகம் சரியாகத் தெரியாது. அதனால் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து வாரிக்கொள்வாள். ஒரு வாரம் அதைப் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார் பளபள. எட்டாம் நாள், "என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போ. என்னால தனியா முடியலை," என்றார்.

சிகிச்சை மையத்தில் சேர்த்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். பளபளவின் கை நடுங்கியதால் தம்பிதான் நிரப்பினான். 'தொழில்' என்று ஒரு கட்டம். சின்னக் கட்டம். 'மரச்சாமான்களுக்கு பாலிஷ்' என்று எழுத இடம் போதாது என்று 'மர வேலை' என்று எழுதி முடித்தான். யாருமே அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை. நீங்களும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நாலு வாரம் உள்ளே இருந்தார். முதல் பத்து நாள் மருந்து, ஊசி, வியர்வை. அப்புறம் பேச்சு, தூக்கம், பசி. சனிக்கிழமை தோறும் வீட்டு ஆட்களுக்குக் கூட்டம். அதை நடத்தியது குட்டையான, கறாரான ஒரு நர்ஸம்மா. பேச்சு தகரக்கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும், ஆனால் காதில் நின்றுவிடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் ஒன்று. அது உள்ளே இருக்கும்போது ஒரு மடக்கு குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து.

"இந்த மாத்திரை ஆசையைக் கொல்லாது," என்றார் நர்ஸம்மா. "ஆசை வந்து கதவைத் தட்டத்தான் செய்யும். உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கும், அவ்வளவுதான்."

கூட்டத்தில் ஒரு அம்மா மெதுவாகக் கேட்டாள்: "எங்க வீட்டுக்காரர் வரவே மாட்டேங்குறார் சிஸ்டர். இதைப் பொடி பண்ணி அவருக்குத் தெரியாம காப்பியில கலந்து குடுத்துடலாமா?"

"தெரியாம குடுத்தா அதுக்குப் பேரு வைத்தியம் இல்லம்மா. அவர் தெரியாம குடிச்சுட்டு விழுந்தார்னா உங்க கையாலயே கொன்ன மாதிரி ஆயிடும். அவருக்குத் தெரியணும், அவர் சம்மதிக்கணும், டாக்டர் பார்த்துக் குடுக்கணும். அவரைக் கூட்டிட்டு வர முடியலைன்னா நீங்க மட்டும் வாங்க. பேசுவோம்."

அப்புறம் ஒரு பட்டியல் படித்தார். இருமல் மருந்தில் சாராயம் இருக்கும். வாய் கொப்பளிக்கிற மருந்தில் இருக்கும். சென்ட்டில், தலைக்குத் தேய்க்கிற சில தைலத்தில், சவரம் செய்தபின் தடவிக்கொள்கிறதில் எல்லாம் இருக்கும். பார்த்து வாங்குங்கள், எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பளபளவின் மனைவி அன்றைக்கே வீட்டுக்கு வந்து, மூக்கை முன்னால் விட்டு, அலமாரி அலமாரியாக நுழைந்தாள். இருமல் மருந்து போனது. கல்யாணத்துக்கு வந்த சென்ட் பாட்டில், பத்து வருஷமாகத் திறக்காதது, போனது. கீழே தம்பி வீட்டுக்கும் இறங்கிப் போனாள்.

"அக்கா, அது என் ஆஃப்டர்ஷேவ்!"

"உனக்கு எதுக்குடா? பஸ்ஸு உன் கன்னத்தைப் பார்த்தா ஓடுது?"

"பயணிங்க பார்ப்பாங்கல்ல?"

"அவங்க பஸ்ஸு எப்ப வரும்னு பார்ப்பாங்க, உன்னையா பார்ப்பாங்க? குடு இங்க."

அதுவும் போனது. வீடு துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி ஆனது. அவளுக்குத் திருப்தி.

அவள் ஒரு விதியும் போட்டாள். அதை அவரிடம் நேருக்கு நேராகச் சொன்னாள். "தினம் சாயங்காலம் வாசல்ல நின்னு ஊதணும். ஒரே ஒரு நாள் அந்த வாடை வந்தாலும் இந்தக் கதவு திறக்காது. நான் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்க வந்து அழுதாலும் திரும்பமாட்டேன். எனக்கு இன்னொரு பத்து வருஷத்துக்குத் தெம்பு இல்லைங்க."

அவர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம், "நியாயம்தான்," என்றார். "ஊதறேன்."

இப்படித்தான் அந்த வேடிக்கை ஆரம்பித்தது. காலையில் அவள் முன்னால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாக்கை நீட்டிக் காட்டுவார், சாயங்காலம் ஊதுவார். முதல் மாதம் அவருக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது மாதம் விளையாட்டானது. டீயில் இஞ்சியா ஏலக்காயா என்று அவளைச் சோதிப்பார். ஒருநாள் வேண்டுமென்றே மூன்று விதமான பிஸ்கட் தின்றுவிட்டு வந்தார். மூன்றையும் சொல்லிவிட்டு, "நடுவுல ஒரு வேர்க்கடலையும் தின்னிருக்கீங்க, அதை எதுக்கு மறைக்கிறீங்க?" என்றாள்.

பட்டறையில் அவர் முதலாளியம்மாவிடம் பேசி, பாலிஷ் வேலையிலிருந்து விலகியிருந்தார். "அந்த ஸ்பிரிட் வாடை பட்டா நாக்கு முழிச்சுக்குதும்மா. கொஞ்ச நாளைக்கு வேற வேலை குடுங்க," என்றார். அவளும், தேய்க்கிற வேலையும் கதவுக்குக் கீல் பூட்டுகிற வேலையும் கொடுத்தாள். அரக்கைச் செதில் செதிலாக ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் பாலிஷ் கலப்பார்கள். அந்த டின் பக்கமே அவர் போகவில்லை.

ஆனால் மதிய இடைவேளைகளில் அவர் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். யாருக்கும் தெரியாமல், பின்கட்டு அறையில், கழித்துப் போட்ட பலகைகளிலிருந்து ஒரு சின்ன மேசை. நாலு கால், இரண்டு இழுப்பறை, மேலே கண்ணாடிக்கு ஒரு சட்டம். அவளுடைய பிறந்த நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, பலகை குழந்தையின் முதுகு மாதிரி ஆகிவிட்டது. பாலிஷ் மட்டும்தான் பாக்கி.

அங்கே பாலிஷ் போடுகிற இன்னொரு ஆள் இருந்தான். கேட்டிருந்தால் போட்டுக் கொடுத்திருப்பான். ஆனால் பளபளவுக்கு மனசு வரவில்லை. நாலு மாதம் ஆச்சு, நாக்கு அடங்கிப்போச்சு, இதை மட்டும் நானே போடுகிறேன் என்று நினைத்தார். அவர் பயந்ததெல்லாம் ஆசைக்குத்தான். ஆசை வருகிறதா என்று டின்னைத் திறந்து மோந்து பார்த்தார். வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மற்றது எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

பாலிஷ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஈரப் பாலிஷில் தூசி ஒட்டினால் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிடும் என்று, ஜன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அன்றைக்குக் காற்று வேறு; கீல் வேலையும் மதியமே முடிந்திருந்தது. பளபள பின்கட்டு அறையின் ஒரே ஜன்னலைச் சாத்தினார், கதவிடுக்கில் துணியை அடைத்தார், துணிப்பந்தை நனைத்து மெல்ல வட்டம் வட்டமாக இழுக்க ஆரம்பித்தார். ஒரு பூச்சு, காய விட்டு இன்னொரு பூச்சு. கை மறக்கவில்லை. நடுங்கவும் இல்லை. பத்து வருஷத்துக்கு அப்புறம் குடிக்காமல் நடுங்காத கை! அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நிறுத்தவே தோன்றவில்லை.

மேசையின் மேல்பலகையில் பாதி வந்திருக்கும். முகம் சுட்டது. காது சுட்டது. நெஞ்சு யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி அடித்தது. தலை வெடிப்பது போல இருந்தது. பயந்துபோய், துணிப்பந்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தார். முகத்தைக் கழுவினார். முதலாளியம்மா ஏற்கனவே கிளம்பியிருந்தாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று நடந்தார். வழியில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

மணியை அழுத்தியபோது, அழுத்தின கை மணியிலேயே சாய்ந்துகொண்டது.

கதவு ஒரு சாண் திறந்தது. மூக்கு வந்தது. அவர் ஊதுவதற்குக் குனிந்தார். ஊதவில்லை, அதற்கு முன்னாலேயே அந்த மூக்கு பின்னால் போய்விட்டது.

"ஏங்க…"

"இல்லம்மா. நான்…"

கதவுச் சந்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது சிவந்த முகம், செருகின கண், சுவரைப் பிடித்த கை. வாடை மூக்கில் ஏறி நெஞ்சுக்குப் போனது. பத்து வருஷமாகப் பார்த்த அதே படம். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"நான் குடிக்கலைம்மா."

இதையும் அவள் பத்து வருஷமாகக் கேட்டிருக்கிறாள்.

அவர் படியில் உட்கார்ந்தார். படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தெருமுனைச் சாராயக்கடையின் பச்சை விளக்கு தெரிந்தது. அந்த விளக்கு உங்களுக்கும் எனக்கும் ஒரு விளக்கு. அவருக்கு அது பேசும். குடிக்காமலே குடிகாரன்னு பேர் வந்தாச்சே, இனி எதுக்கு வாயைக் கட்டிக்கிட்டு இருக்கே? வீடும் போச்சு. வா. அவர் எழுந்து இரண்டு படி இறங்கினார். மூன்றாவது படியில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். குடித்தால் இந்த மாத்திரையோடு செத்துப்போவோம் என்று தெரியும். சில நேரம் அதுகூட ஒரு மனிதரை நிறுத்தாது. அவரை நிறுத்தியது வேறு. நாலு மாதப் பழக்கம். மனசு தடுமாறினால் எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார், மூச்சை மெதுவாக ஊது, அது கடந்து போகும் என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் மறுபடி உட்கார்ந்தார். கைப்பிடிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஊதினார்.

ஹூ. ஹூ.

கதவுக்குப் பின்னால், தரையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவள் மடியில் ஒரு பை இருந்தது. அதில் இரண்டு புடவை வைத்துவிட்டு, மூன்றாவதை மடிக்க முடியாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். குடித்த நாட்களில் அவர் கதவைத் தட்டுவார், கத்துவார், அழுவார். இப்படி யாருக்கும் இல்லாமல் ஊதிக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை.

அந்த நேரம் வேலை முடிந்து தம்பி படியேறி வந்தான்.

"என்ன மாமா, படியிலேயே குடித்தனமா?" என்று ஆரம்பித்தவன், கிட்டே வந்ததும் முகம் மாறினான். "மாமா! திருப்பியுமா? நாலு மாசம் என் ஆஃப்டர்ஷேவைக்கூடத் தியாகம் பண்ணேனே, உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

"மாப்ளே, சத்தியமா தொடலை. ஆனா நெஞ்சு… இங்க கை வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். வண்டி ஓட்டுகிறவனுக்கு ஓசை தெரியும். இது சரியான ஓட்டம் இல்லை என்று உடனே புரிந்தது. மாமாவின் சட்டைப்பையில் மையத்தில் கொடுத்த அட்டை இருக்கும் என்று ஞாபகம் வந்தது: நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், எனக்கு ஏதாவது ஆனால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கூப்பிட்டான். எடுத்தது நர்ஸம்மாவேதான்.

"மயக்கம் இருக்கா? பேசுறாரா? வாந்தி எடுத்தாரா?" கேள்விமேல் கேள்வி. "சரி. ஆம்புலன்ஸ் அனுப்பறேன், கீழ இறக்கிட்டு வாங்க. வீட்டு அம்மா எங்க, அந்த மூக்குக்காரம்மா?"

"கதவைச் சாத்திட்டு உள்ள இருக்காங்க சிஸ்டர். குடிச்சிருக்கார்னு."

"குடிச்சாரா?"

"இல்லைன்றார். வாடை வருது."

"போனைக் கதவுகிட்ட வைங்க."

வைத்தான். தகரக்கூரை மழை கொஞ்சம் மெதுவாகப் பெய்தது.

"அம்மா, நான்தான். நீங்க போட்ட விதி நல்ல விதி. அதை மாத்தச் சொல்லலை. குடிச்சவரை வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. அவரை உள்ள விடுங்கன்னு நான் கேக்கலை. நீங்க வெளிய வாங்க. குடிச்சாரா இல்லையான்னு தீர்ப்பை அப்புறம் சொல்லிக்கலாம். இப்ப அவர் நோயாளி. அவர் மருந்துச் சீட்டு எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

தம்பி கதவையே பார்த்தான். பளபள கதவைப் பார்க்கவில்லை.

தாழ்ப்பாள் நகர்ந்தது. அவள் வெளியே வந்தாள். ஒரு கையில் மருந்துச் சீட்டு வைத்த உறை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில், தோளில் மடிக்காத அந்தப் புடவை. அவர் குடித்திருக்கிறார் என்று முழுசாக நம்பிக்கொண்டுதான் வந்தாள். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்பிக்கொண்டுதான் வந்தாள், வந்து அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எழுந்திருங்க. மெதுவா. எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் தம்பி. ஒரு மாடி இறங்கினார்கள். அவர் முகம் அவள் கன்னத்தோடு ஒட்டி இருந்தது. மூச்சு அவள் மூக்கில் பட்டது. அவள் என்ன செய்வாள், மூக்கைக் கழற்றியா வைக்க முடியும்? அது தன் வேலையைச் செய்தது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள்.

"ஊதுங்க."

"அக்கா, இப்பவா!"

"நீ சும்மா இருடா. ஊதுங்க."

ஊதினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இஞ்சி டீ. பிஸ்கட், உப்பு போட்டது. பயந்த மனுஷரின் காய்ந்த வாய். அவ்வளவுதான். அவர் கையை எடுத்து மோந்து பார்த்தாள், சட்டைக்கையை, தலைமுடியை.

"தம்பி," என்றாள். "வாயில இல்லடா. கையில இருக்கு. ஸ்பிரிட்டும் அரக்கும். என் மூக்குக்கே நான் நேரம் குடுக்கலையேடா." அப்புறம் அவரிடம், "இன்னிக்கு என்ன வேலை செஞ்சீங்க?"

"சொல்ல முடியாது."

"என்னது?"

"இன்னும் பத்து நாள் கழிச்சுச் சொல்றேன்."

"மாமா!" என்று கத்தினான் தம்பி. "நெஞ்சு இந்த அடி அடிக்குது, இதுல ரகசியமா? சொல்லித் தொலைங்க!"

அவர் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு மேசை. சின்னது. கண்ணாடி வெச்சு."

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மீதிப் படிகளை அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

மையத்துக்குப் பக்கத்து மருத்துவமனையில் மூன்று மணி நேரம் படுக்க வைத்திருந்தார்கள். சட்டையைக் கழற்றி, உடம்பைத் துடைத்து, மூக்கில் காற்றுக் குழாய் வைத்து, நாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நர்ஸம்மா ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து அவர் வாயருகே நீட்டினார்.

"ஊதுங்க."

"இவங்களுமா?" என்றார் பளபள. அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஊதினார். கருவியில் சுழியம் என்று வந்தது. நர்ஸம்மா அதைத் திருப்பி அவளிடம் காட்டினார்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "நான் முன்னாடியே பார்த்துட்டேன்."

டாக்டர் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடைத்த அறை, மணிக்கணக்கில் ஸ்பிரிட் ஆவி. குடிக்க வேண்டியதில்லை, மூச்சில் போனாலும் சிலருக்கு இந்த மாத்திரை முறுக்கிக்கொள்ளும். "இந்த மாத்திரை சாப்பிடற வரைக்கும் பாலிஷ் பக்கம் போகாதீங்க. நீங்க இந்த வேலை செய்யறவர்னு ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

நர்ஸம்மா பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தார். 'மர வேலை.'

"கட்டம் சின்னது சிஸ்டர்," என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"கட்டம் சின்னதுதான். ஆனா கேக்கறதுக்கு எனக்கு வாய் பெருசுதானே, நான் கேட்டிருக்கணும்," என்றார் நர்ஸம்மா. பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "இனிமே எல்லார்கிட்டயும் கேக்கறேன், வேலையில என்னென்ன டின் தொறக்கறீங்கன்னு."

"வீட்ல எல்லாத்தையும் தூக்கிப் போட்டோம் சிஸ்டர்," என்றாள் அவள். "சென்ட்டு, இருமல் மருந்து, இவனோட ஆஃப்டர்ஷேவு. தைலத்தைக்கூட விடலை. பட்டறையில ஒரு டின்னே இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க."

"சரி, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"பேக்கரியில. எசன்ஸு, எண்ணெய் எல்லாம் மோந்து பார்த்துச் சொல்றது."

"வெனிலா எசன்ஸா?" நர்ஸம்மாவின் புருவம் மேலே போனது. "அது எதுல கலக்கறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவள் யோசித்தாள். டின்னின் மேல் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. கையை மெதுவாகத் தன் மூக்குக்குக் கொண்டுபோனாள்.

தம்பி முழுசாகச் சிரித்தான். "நாலு மாசமா வீட்டுக்குள்ள சாராயம் கடத்திட்டு வந்தது யாருன்னு இப்பதான் தெரியுது! என் ஆஃப்டர்ஷேவுக்கு நியாயம் வேணும்!"

"கையில ஒட்டுனதால ஒண்ணும் ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வீட்டுக்குப் போனாப் போதும்," என்றார் நர்ஸம்மா. ஆனால் அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மற்றவர்கள் வெளியே போனதும் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தோளிலிருந்த புடவையை எடுத்து அவர் கால்மேல் போர்த்தினாள்.

"நான் பை எடுத்து வெச்சுட்டேங்க," என்றாள். "மூணாவது புடவை வரைக்கும் வந்துட்டேன்."

"நான் மூணாவது படி வரைக்கும் இறங்கிட்டேன்," என்றார் அவர்.

அவர் கை அவள் கையில் இருந்தது. நடுங்கவில்லை என்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

பிறந்த நாளன்று மேசை வந்தது. பட்டறை ஆட்கள் இரண்டு பேர் மூன்று மாடி தூக்கிவந்து வைத்தார்கள். மேல்பலகையில் பாதி கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு கோட்டோடு அது நின்று, மீதிப் பாதி வெறும் பலகையாக இருந்தது. "மிச்சத்தை நாங்க போட்டுத் தர்றோம்கா, ஒரு நாள் வேலை," என்றார்கள். அவள் வேண்டாம் என்றாள். இழுப்பறையைத் திறந்து மோந்து பார்த்தாள், புது மரம். கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற அவரையும் பார்த்தாள். ஜன்னலில் நல்ல வெயில். அந்த வெளிச்சத்திலேயே பின்னலை அவிழ்த்து நிதானமாக வாரிக்கொண்டாள்.

"மிச்சப் பாதியை எப்ப முடிக்கறதாம்?" என்று கேட்டான் தம்பி.

"டாக்டர் எப்ப மாத்திரையை நிறுத்தச் சொல்றாரோ, அப்புறமா. அதுவும் ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு," என்றாள்.

"தூசி ஒட்டுமே," என்றார் பளபள, தொழில்காரராயிற்றே.

"ஒட்டட்டும்."

வாசல் வேடிக்கை நிற்கவில்லை. விதி விதிதான், அதை அவரே விடமாட்டேன் என்றுவிட்டார். ஆனால் இப்போது கதவு ஒரு சாண் திறப்பதில்லை, முழுசாகத் திறக்கிறது. மூக்குக்கு முன்னால் கேள்வி வருகிறது.

"இன்னிக்கு என்ன வேலை?"

"பன்னிரண்டு கதவுக்குக் கீல் போட்டேன். ஒண்ணு கோணலாப் போச்சு, கழற்றித் திருப்பிப் போட்டேன். நாலு மணிக்கு அந்தக் கடைப் பக்கம் போகணும்னு தோணுச்சு. மாப்ளேக்குப் போன் பண்ணேன். பஸ்ஸுல ஏத்திக்கிட்டு ரெண்டு ரவுண்டு சுத்துனான்."

"சரி. ஊதுங்க."

ஊதுகிறார்.

"கையைக் காட்டு," என்கிறார் அவர் பதிலுக்கு. அவள் காட்டுகிறாள். அவர் குனிந்து, பெரிய நிபுணர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கிறார்.

"சோப்பு," என்கிறார்.

"உள்ள வாங்க, டீ ஆறுது."